ஏழ்மையை மட்டும் பாத்தா போதும்னு சொல்ற அமெரிக்கத் தமிழ் அப்பா அம்மாக்களுக்கு ஒரு திறந்த மடல்

அண்ணன்மார்களுக்கும் அக்காமார்களுக்கும், என் வயசு நண்பர்களுக்கும் வணக்கம்.

2023 ஜூன் 29ஆம் தேதி ஹார்வர்டு கேஸ்ல, காலேஜ் அட்மிஷன்ல இனத்தைப் பாக்கக் கூடாதுன்னு அமெரிக்க சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வந்ததுல இருந்து நம்ம ஆளுங்க நாலு பேர் கூடுற எடத்துல எல்லாம், கோயில் பார்க்கிங்ல, பரதநாட்டிய க்ளாஸ் வாசல்ல, பர்த்டே பார்ட்டில கிச்சன் பக்கம் நின்னு பேசும்போது, ஒரே பேச்சைத்தான் திரும்பத் திரும்பக் கேக்குறேன். காலேஜ் அட்மிஷன்ல இனம் பாக்கறதை நிறுத்தினது நல்லதுதான், வேணும்னா ஏழைப் பிள்ளைங்களுக்குக் குடுக்கட்டும், அவங்க எந்த நிறமா இருந்தா என்னங்கிறது. கேக்க நியாயமாத்தான் இருக்கு. சொல்றவங்களும் நல்ல மனசோடதான் சொல்றாங்க, ராத்திரி பகலா படிக்கிற பிள்ளையப் பாத்துட்டு வர்ற பதட்டம் அது, எனக்கும் வீட்டுல ஹைஸ்கூல் படிக்கிற பொண்ணு இருக்கா, அந்தப் பதட்டம் என்னன்னு எனக்குத் தெரியும். ஆனா தமிழ்நாட்டுல இருந்து படிச்சு வந்த நாம இந்தப் பேச்சைப் பேசலாமா? எனக்கு ஒத்துக்க முடியல. அதான் எழுதறேன்.

என் கருத்தை மொதல்லயே சொல்லிடுறேன். ஏழ்மையையும் பாக்கணும், இனத்தையும் பாக்கணும். ஒண்ணு இருந்தா இன்னொண்ணு தேவையில்லங்கிறது நம்ம ஊர்லயே பல தடவ சொல்லிப் பாத்து தோத்துப்போன வாதம்.

அதுக்கு முன்னாடி ஒரு விஷயம், ஏன்னா நம்மள்ல பாதிப் பேர் நம்மூர் கணக்கை மனசுல வெச்சுக்கிட்டே இங்க நடக்கறதைப் பேசறோம். இங்க 69 பெர்சன்ட் மாதிரி ஒதுக்கீடு எந்தக் காலேஜ்லயும் கெடையாது. யூசி டேவிஸ் மெடிக்கல் ஸ்கூல் 100 சீட்ல 16ஐ தனியா எடுத்து வெச்சது செல்லாதுன்னு 1978லயே பாக்கே வழக்குல சொல்லிட்டாங்க. அதுக்கப்புறம் 45 வருஷம் நடந்ததெல்லாம், அப்ளிகேஷனைப் படிக்கும்போது மார்க்கு, கட்டுரை, விளையாட்டு, ஊருன்னு பாக்கற பல விஷயத்துல இனத்தையும் ஒண்ணா சேத்துப் பாத்தாங்க, அவ்வளவுதான். 2003ல மிச்சிகன் லா ஸ்கூல் கேஸ்ல அதைச் சரின்னு சொன்ன நீதிபதி சாண்ட்ரா டே ஓ'கானர், இன்னும் 25 வருஷத்துல இது தேவைப்படாதுன்னு எதிர்பாக்கறோம்னு எழுதினாங்க. அந்த 25 வருஷம் முடியவே இல்ல, அதுக்குள்ள கதவைச் சாத்தியாச்சு. அதனால "அவங்க கோட்டால நம்ம பிள்ள சீட்டு போச்சு"ன்னு சொல்றதை தயவுசெஞ்சு நிறுத்துவோம், கோட்டான்னு ஒண்ணு இல்லவே இல்ல.

இப்போ நாம இங்க வீடு வாங்கினதை யோசிச்சுப் பாருங்க. எச்-1பில வந்து, அபார்ட்மென்ட்ல நாலஞ்சு வருஷம் இருந்து, கொஞ்சம் காசு சேந்ததும் வீக்கெண்ட் வீக்கெண்டா வீடு பாக்கப் போறோமே, மொதல்ல என்ன பாக்கறோம்? கிச்சன் பாக்கறதில்ல, வாஸ்து கூட ரெண்டாவதுதான். அந்த லிஸ்டிங்ல கீழ ஸ்கூலுக்கு ரேட்டிங் போட்டிருப்பாங்க, எலிமென்டரி 9, மிடில் 8, ஹைஸ்கூல் 10. அந்த நம்பரைப் பாத்துட்டுதான் காரை விட்டே எறங்கறோம். ஹைஸ்கூல் 5ன்னு இருந்தா வீடு எவ்வளவு அழகா இருந்தாலும் அடுத்த வீட்டுக்குப் போயிடறோம். ஸ்கூலுக்கு வர்ற காசுல ஒரு பெரிய பங்கு அந்த ஊர் வீடுகளோட ப்ராப்பர்ட்டி டாக்ஸ்ல இருந்துதான் வருது, வீட்டு வெல ஏறினா ஸ்கூலும் ஏறும், ஸ்கூல் ஏறினா வீட்டு வெல இன்னும் ஏறும். ஹைஸ்கூல்லயே காலேஜ் லெவல் பாடம் நடத்தற ஏபி க்ளாஸ் இருபது இருக்கிற ஸ்கூலும் ரெண்டு மட்டும் இருக்கிற ஸ்கூலும் ஒரே கவுன்ட்டில பத்து மைல் தூரத்துல இருக்கறது இப்படித்தான்.

அந்தப் பத்து மைலை யார் போட்டாங்கன்னு பாருங்க. 1930கள்ல மத்திய அரசோட ஏஜென்சியே ஊர் ஊரா மேப் போட்டு, கறுப்பின மக்கள் இருக்கிற ஏரியாவை செவப்பு மையால அடிச்சு வெச்சுது, அங்க வீட்டுக் கடன் குடுத்தா ஆபத்துன்னு அர்த்தம். ரெண்டாம் உலகப் போர் முடிஞ்சு வந்த வெள்ளைக்கார சோல்ஜர்களுக்கு 1944 சட்டத்துல வீட்டுக் கடனும் காலேஜ் ஃபீஸும் கெடச்சுது, அதே போர்ல சண்டை போட்ட கறுப்பின சோல்ஜர்கள்ல பெரும்பாலானவங்களுக்கு பேங்க் வாசல்லயே முடிஞ்சுபோச்சு. நியூயார்க் லாங் ஐலண்டுல 1947ல கட்ட ஆரம்பிச்ச லெவிட்டவுன்ல ஆயிரக்கணக்கான வீடு, கறுப்பினத்தவங்களுக்கு விக்க மாட்டோம்னு வெளிப்படையாவே சொன்னாங்க, அரசாங்கம் அந்தக் கடனுக்கு கேரன்டி குடுத்துது. வீட்டு விஷயத்துல இன பாகுபாடு கூடாதுன்னு சட்டம் வந்ததே 1968ல. அந்த வீடுதான் இன்னைக்கு தாத்தா சொத்தா பேரன் கையில நிக்குது. ஃபெடரல் ரிசர்வ் 2022ல எடுத்த சர்வேல நடுத்தர வெள்ளைக் குடும்பத்தோட சொத்து 2,85,000 டாலர், கறுப்பினக் குடும்பத்தோடது 44,900 டாலர். ஆசியக் குடும்பம் 5,36,000. ஆசியர்னு சேத்துக் கணக்குப் போட்டா நாமதான் மேல நிக்கிறோம்.

இப்போ சம்பளத்தை மட்டும் பாருங்கன்னு சொன்னா என்ன ஆகும்? வருஷத்துக்கு 70,000 டாலர் வாங்குற ரெண்டு குடும்பம்னு வெச்சுக்குவோம். ஒண்ணுக்குத் தாத்தா விட்டுப்போன வீடு இருக்கு, நல்ல ஸ்கூல் இருக்கு, ஆத்திர அவசரத்துக்கு மாமனார் செக் எழுதிக் குடுப்பார். இன்னொண்ணுக்கு வாடகை வீடு, போன தலைமுறைய இந்தத் தலைமுறைதான் தாங்கணும். வருமானத்தை மட்டும் பாக்கற ஃபாரத்துல ரெண்டு பேரும் ஒரே ஆளு. அதுவும் போக, பணம் இருந்தாலும் தீராத ஒண்ணு இருக்கு, டாக்டரா இருக்கிற கறுப்பின அப்பாவும் பதினாறு வயசுப் பையன் காரை எடுத்துட்டு வெளிய போனா போலீஸ் நிறுத்தினா கைய எங்க வெச்சுக்கணும்னு சொல்லிக் குடுத்துத்தான் அனுப்பறார்.

இதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய்னு நெனச்சா, நடந்தது இருக்கு. கலிபோர்னியால 1996லயே ஓட்டுப் போட்டு அரசு பல்கலைக்கழகத்துல இனம் பாக்கக் கூடாதுன்னு தடை பண்ணிட்டாங்க. 1998ல பெர்க்லியிலயும் யூசிஎல்ஏலயும் கறுப்பின, ஹிஸ்பானிக் பிள்ளைங்க அட்மிஷன் பாதிக்குப் பாதி விழுந்துச்சு. அப்புறம் ஏழை ஸ்கூலைத் தேடிப் போனாங்க, குடும்ப வருமானம் பாத்தாங்க, அம்மா அப்பா காலேஜ் போனாங்களான்னு பாத்தாங்க, 2004ல இருந்து 50 கோடி டாலருக்கு மேல செலவு பண்ணியும் போதலன்னு அந்தப் பல்கலைக்கழகமே சுப்ரீம் கோர்ட்ல எழுதிக் குடுத்துது. மிச்சிகன்ல 2006ல தடை, அப்போ மிச்சிகன் பல்கலைக்கழக இளநிலை மாணவர்கள்ல 7 பெர்சன்ட் இருந்த கறுப்பினப் பிள்ளைங்க 2021ல 4 பெர்சன்ட். ஏழ்மையைப் பாத்து சேத்தா ஏழைங்க உள்ள வர்றாங்க, ரொம்ப நல்ல விஷயம், அது வேணும். ஆனா நாட்டுல எண்ணிக்கைல வெள்ளை ஏழைங்கதான் அதிகம், அதனால ஏழ்மைக் கணக்கு மட்டும் இனக் காயத்தை ஆத்தாது. ரெண்டுக்கும் தனித்தனி மருந்து போட்டாகணும்.

நம்ம கதைக்கு வர்றேன். எங்கப்பா சின்னதா மளிகைக் கடை வெச்சிருந்தார். சோத்துக்குக் கஷ்டம் இல்ல. ஆனா எங்க வம்சத்துல காலேஜ் வாசலை மிதிச்ச ஆள் ஒருத்தர் கெடையாது, இன்ஜினியரிங்னா என்ன, எந்த காலேஜ் நல்லதுன்னு கேக்க ஒரு ஆள் இல்ல. அண்ணா யுனிவர்சிட்டி கவுன்சலிங் ஹால்ல உக்காந்திருந்தது இன்னும் கண்ணு முன்னாடி நிக்குது, ஸ்க்ரீன்ல காலேஜ் பேரு, பக்கத்துல ஓசி, பிசி, எம்பிசி, எஸ்சி, எஸ்டின்னு கட்டம் கட்டமா மீதி சீட்டு, ஒவ்வொரு ஆள் உள்ள போயிட்டு வரும்போதும் ஒரு நம்பர் கொறையும். அப்பா மடியில லேமினேட் பண்ண சாதிச் சான்றிதழை வெச்சுக்கிட்டு எந்த கட்டத்தைப் பாக்கணும்னே தெரியாம என் மூஞ்சியப் பாத்துட்டு இருந்தார். பிசி கட்டத்துல கெடச்ச சீட்டுதான் என்னை இங்க கொண்டுவந்து விட்டுச்சு. உன் அப்பா எவ்வளவு சம்பாதிக்கிறார்னு அன்னிக்கு யாரும் கேக்கல. கேட்டிருந்தா நான் வெளிய.

கேக்க வெச்சுப் பாத்தாங்களே, ஞாபகம் இருக்கா? 1979ல எம்ஜிஆர் ஆட்சியில, வருஷத்துக்கு 9,000 ரூபாய்க்கு மேல வருமானம் இருக்கிற பிற்படுத்தப்பட்டவங்களுக்கு இட ஒதுக்கீடு இல்லன்னு ஆணை போட்டாங்க. இதே வாதம்தான், ஏழைக்குப் போகட்டும். 1980 ஜனவரி நாடாளுமன்றத் தேர்தல்ல 39 தொகுதில ரெண்டுதான் அவங்க கட்சிக்குக் கெடச்சுது. அந்த ஆணையத் திரும்ப வாங்கிக்கிட்டு, பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீட்டை 31ல இருந்து 50க்கு ஏத்தினார். ஜனங்களுக்குத் தெரிஞ்சிருந்துச்சு, ஒருத்தன் கையில பத்து காசு சேந்துட்டா ஊரு அவனைப் பாக்கற பார்வை மாறிடாதுன்னு. 1992ல மண்டல் வழக்குல, பொருளாதாரத்தை மட்டும் வெச்சு குடுத்த 10 பெர்சன்ட்டை இந்திய சுப்ரீம் கோர்ட்டே ரத்து பண்ணுச்சு. பிறகு 2019ல அரசியல் சட்டத்தையே திருத்தி ஏழைங்களுக்குன்னு 10 பெர்சன்ட் கொண்டுவந்தாங்க, 2022 நவம்பர் 7ஆம் தேதி 3க்கு 2ன்னு கோர்ட்டும் ஒத்துக்கிச்சு. அதுல ஏழைன்னா யாரு? வருஷம் 8 லட்சத்துக்குக் கீழ வருமானம், ஆனா பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட ஏழைங்க எவ்வளவு ஏழையா இருந்தாலும் அந்தப் பத்துல சேரக் கூடாது. நீதிபதி ரவீந்திர பட்டும் தலைமை நீதிபதி லலித்தும் ஏத்துக்காதது இந்த விலக்கி வெக்கிறதைத்தான். ஏழ்மைன்னு பேர் வெச்சுட்டா நடுநிலை வந்துடாதுன்னு இதைவிட வேற எப்படிச் சொல்றது.

அதுக்காக ஏழ்மைய விட்டுடணும்னு நான் சொல்லல. 2020ல தமிழ்நாட்டுல மெடிக்கல் சீட்ல அரசுப் பள்ளிப் பிள்ளைங்களுக்கு 7.5 பெர்சன்ட் குடுத்தாங்க, அடுத்த வருஷம் இன்ஜினியரிங்குக்கும் வந்துச்சு. 69ஐ எடுத்துட்டு அதைக் குடுக்கல, அந்த 69ஐத் தொடாம ஒவ்வொரு பிரிவுலயும் அரசுப் பள்ளிப் பிள்ளைக்குன்னு எடுத்து வெச்சாங்க. நீட் கோச்சிங்குக்கு லட்சக்கணக்குல கட்ட முடியாத வீட்டுப் பிள்ளை டாக்டர் ஆகுது. ரெண்டையும் சேத்துப் பாக்கறது எப்படின்னு கேட்டா நம்மூர்ல இருந்தே காட்டலாம்.

ஈழத்துல இருந்து வந்த அண்ணன் ஒருத்தர் இதுக்கு ஒரு பதில் சொன்னார், அதைத் தாண்டிப் போக முடியாது. "இனம் பார்த்து கம்பஸுக்கு எடுத்தா என்ன நடக்கும் எண்டு எங்களுக்குச் சொல்லாதேங்கோ தம்பி"ன்னார். 1971ல இலங்கையில மருத்துவத்துக்கு தமிழ் மாணவர் 250 எடுக்கணும், சிங்கள மாணவருக்கு 229 போதும். அடுத்தடுத்து, மொழிவாரியா மார்க்கை மாத்திக் கணக்குப் போடற தரப்படுத்தல், மாவட்ட ஒதுக்கீடு. அது ஒரு தலைமுறையோட மனசையே ஒடச்சுது, நான் மறுக்கவே மாட்டேன். ஆனா அங்க ஆட்சி யார் கையில இருந்துச்சு? நாட்டோட பெரும்பான்மை, தன் கையில அதிகாரத்தை வெச்சுக்கிட்டு, சிறுபான்மையோட பங்கை வெட்டினது அது. 250 வருஷம் அடிமையா வெச்சு, அப்புறம் நூறு வருஷம் பள்ளிக்கூடத்தையும் பஸ் சீட்டையும் பிரிச்சு வெச்ச பெரும்பான்மை நாடு, வெளிய நிறுத்தின பிள்ளையை உள்ள கூப்பிடறது வேற. யாரு யாருக்கு எதிரா பயன்படுத்தறாங்கன்னு பாக்காம ரெண்டையும் ஒண்ணுன்னு சொல்ல என்னால முடியல. அந்த அண்ணனோட எச்சரிக்கை மட்டும் எனக்கு வேணும், இனத்தைக் கையில எடுக்கிற எந்தத் திட்டமும் எந்தச் சிறுபான்மையையும் அமுக்கக் கூடாதுன்னு கண்காணிச்சுட்டே இருக்கணும்.

அதனாலதான் ஹார்வர்டுல ஆசியப் பிள்ளைங்களுக்குப் போட்ட "பர்சனல் ரேட்டிங்" விஷயத்தை நான் சின்னதா நெனைக்கல. படிப்புல மேல, ஆனா குணத்துக்குக் குடுக்கிற மார்க்குல சராசரியா கீழன்னு கோர்ட்ல வந்த கணக்கு எனக்கும் கோவத்தைத்தான் குடுத்துச்சு. நம்ம பிள்ளைங்க எல்லாம் ஒரே அச்சு, மெஷின் மாதிரின்னு நெனைக்கிறவன் கையில அந்தப் பேனா இருக்கக் கூடாது. அதை மாத்தணும்னு கேக்க நமக்கு முழு உரிமை இருக்கு. ஆனா அந்த மார்க்கைப் போட்டது கறுப்பினப் பிள்ளை இல்லயே! அதைச் சரி பண்ண அவங்க வாசலை அடைக்கணும்னு யார் முடிவு பண்ணாங்க? எட்வர்ட் ப்ளம்னு ஒருத்தர், வெள்ளைக்கார மாணவியை முன்ன நிறுத்தி டெக்சாஸ் பல்கலைக்கழகத்து மேல போட்ட கேஸ் கைகூடல, 2016ல கடைசியாத் தோத்தார். அதுக்கு நடுவுலயே ஆசிய மாணவர்களைத் தேடிப் பிடிச்சு 2014ல ஹார்வர்டு மேல கேஸ் போட வெச்சார். நம்ம பிள்ளைங்க மூஞ்சியைத்தான் போஸ்டர்ல போட்டாங்க.

தீர்ப்புக்கு அப்புறம் என்ன ஆச்சு? 2024ல சேந்த பேட்ச்ல, எம்ஐடில கறுப்பினப் பிள்ளைங்க முந்தி 13 பெர்சன்ட் கிட்ட இருந்தவங்க 5க்கு வந்துட்டாங்க, ஆம்ஹர்ஸ்ட்ல 11ல இருந்து 3. எம்ஐடில ஆசியர் 47 வரைக்கும் ஏறினாங்க, சரி. ஆனா யேல்ல ஆசியர் 30ல இருந்து 24க்கு எறங்கிட்டாங்க, பிரின்ஸ்டன்லயும் கொறஞ்சுது. சீட்டு நமக்கு வந்து கொட்டிடும்னு சொன்னவங்க இதுக்கு என்ன பதில் சொல்வாங்க?

சீட்டு எங்க போகுதுன்னு அதே ஹார்வர்டு கேஸ் ஃபைல்லயே இருக்கு. சீட்டு கெடச்ச வெள்ளை மாணவர்கள்ல 43 பெர்சன்ட்டுக்கு மேல, விளையாட்டுக்காக எடுத்தவங்க, அங்க படிச்சவங்க பிள்ளைங்க, வாத்தியார் பிள்ளைங்க, டீன் தனியா லிஸ்ட் போட்டு வெச்சிருக்கிற பெரும்பணக்காரங்க பிள்ளைங்க. இதுல நாலுல மூணு பேருக்கு இந்தச் சலுகை இல்லன்னா சீட்டே கெடச்சிருக்காதுன்னு கணக்குப் போட்டவங்க சொல்றாங்க. அப்பாவோ அம்மாவோ அங்க படிச்சிருந்தா மூணுல ஒருத்தருக்கு சீட்டு, பொதுவா அப்ளை பண்றவங்கள்ல நூத்துக்கு ஆறு கூட கெடையாது. ராஜ் செட்டியும் அவர் கூட இருக்கிறவங்களும் 2023ல வெளியிட்ட ஆய்வுல, காலேஜ் அட்மிஷனுக்கு எழுதற எஸ்ஏடி பரீட்சையில ஒரே மார்க் எடுத்தாலும் மேல இருக்கிற 1 பெர்சன்ட் பணக்கார வீட்டுப் பிள்ளை இந்தப் பெரிய காலேஜ்ல படிக்கிற வாய்ப்பு நடுத்தர வீட்டுப் பிள்ளைய விட ரெண்டு மடங்குக்கு மேலன்னு வந்துச்சு. கறுப்பின பிள்ளை சீட்டை எடுத்துச்சுன்னு பேசின நேரத்துல பாதியையாவது இதுக்குச் செலவு பண்ணினோமா? ஏழைங்களுக்குப் போகட்டும்னு மனசார நெனைக்கிறவங்க மொதல்ல கைய வெக்க வேண்டிய எடம் இதுதானே!

நாம இந்த நாட்டுக்குள்ள வந்ததே யாரோட போராட்டத்துல? 1923ல பகத் சிங் திண்டுங்கிற இந்தியர் அமெரிக்க ராணுவத்துல இருந்தவர், நீ வெள்ளைக்காரன் இல்ல, உனக்குக் குடியுரிமை கெடையாதுன்னு சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. 1946க்கு அப்புறமும் இந்தியாவுல இருந்து குடியேற வருஷத்துக்கு நூறு பேருக்குத்தான் அனுமதி. 1965ல அந்தக் கதவு தெறந்தது சிவில் ரைட்ஸ் போராட்டத்தோட வேகத்துல, அடி வாங்கினதும் ஜெயிலுக்குப் போனதும் உயிரை விட்டதும் கறுப்பின மக்கள். மார்ட்டின் லூதர் கிங் 1959ல இந்தியா வந்தப்போ திருவனந்தபுரத்துல தலித் பிள்ளைங்க படிச்ச ஒரு ஸ்கூல்ல, அமெரிக்காவுல இருந்து வந்திருக்கிற உங்களைப் போலவே தீண்டத்தகாதவர்னு அவரை அறிமுகப்படுத்தினாங்களாம். மொதல்ல அதிர்ச்சியாகி, அப்புறம் யோசிச்சு, ஆமா நானும் அப்படித்தான்னு உணர்ந்ததா 1965ல ஒரு பிரசங்கத்துல அவரே சொல்லியிருக்கார். அவருக்கு நம்ம கதை புரிஞ்சுது. அவங்க கதை நமக்குப் புரியலன்னு நான் நம்ப மாட்டேன்.

சட்டம் இன்னைக்கு மூடிக்கிடக்கு, தெரியும். ஆனா தன் வாழ்க்கையில இனம் என்ன பண்ணுச்சுன்னு பிள்ளை கட்டுரையில எழுதினா படிக்கலாம்னு தலைமை நீதிபதி ராபர்ட்ஸே எழுதியிருக்கார். யூசி டேவிஸ் மெடிக்கல் ஸ்கூல், ஆமா அதே ஸ்கூல்தான், குடும்ப வருமானம், வளந்த ஏரியா, அப்பா அம்மா படிப்பு எல்லாத்தையும் சேத்து 0ல இருந்து 99 வரைக்கும் ஒரு அளவுகோல் வெச்சு பிள்ளைங்களை எடுக்குது. அதோட வருமானத்தை மட்டும் கேக்காம குடும்பச் சொத்தையும் கேட்டா, செவப்பு மேப்போட வடு கொஞ்சமாவது கண்ணுக்குத் தெரியும். டாக்ஸி ஓட்டற பங்களாதேஷ் அப்பாவோட பிள்ளை, வெஸ்ட் வர்ஜீனியா சுரங்கத் தொழிலாளியோட பிள்ளை, ஆசியர்ங்கிற ஒரே கட்டத்துல நம்மளோட சேத்து மறைஞ்சுபோற கம்போடிய அகதி வீட்டுப் பிள்ளை, இவங்க எல்லாரும் இதுல மேல வருவாங்க. இதை எல்லாக் காலேஜும் பண்ணணும்னு கேப்போம்.

இன்னொண்ணு நம்ம கையிலயே இருக்கு. அங்க படிச்சவங்க பிள்ளைங்களுக்குக் குடுக்கிற இந்த லெகசி சலுகையை தனியார் பல்கலைக்கழகத்துலயும் சேத்து தடை பண்ணினது மேரிலேண்டும் கலிபோர்னியாவும். உங்க ஸ்டேட்ல இல்லன்னா உங்க அசெம்ப்ளி மெம்பருக்கு எழுதுங்க, சங்கத்து லெட்டர்ஹெட்ல எழுதுங்க, பொங்கல் விழாவுக்கு அவங்களைக் கூப்பிட்டு பொன்னாடை போத்தறோமே, அந்த மேடையிலயே கேளுங்க. நம்ம பிள்ளைங்கள்ல மூத்தவங்க இப்போ அந்த காலேஜ்ல எல்லாம் படிச்சு முடிச்சுட்டாங்க, நாளைக்கு நம்ம பேரப்பிள்ளைங்களுக்கே அந்தச் சலுகை வரும், அப்போ பேசறதுக்கு நமக்கு வாய் வராது, அதனால இப்பவே பேசணும். வருஷக் கடைசியில காலேஜ்ல இருந்து டொனேஷன் கேட்டு ஃபோன் வருமே, அதை எடுங்க. லெகசியை நிறுத்தற வரைக்கும் எங்க வீட்டுல இருந்து ஒரு டாலர் வராதுன்னு சொல்லிட்டு வைங்க.

அன்போட,
பிசி கட்டத்துல சீட்டு வாங்கி வந்த ஒரு அப்பா